செப்டம்பர் பதினான்கில் நின்ற தாள்

செப்டம்பர் 15, திங்கள்

இது பதினொரு வருஷத்துக்கு முந்தைய டைரி. அச்சகத்தில் கழிவுக் கட்டோடு கிடந்ததை அப்போது எடுத்து வந்தேன். இதன் கிழமைகள் இந்த வருஷத்துக்கு அச்சாகப் பொருந்துகின்றன. இருபத்தாறு வருஷமாகத் தேதிகளோடு குடித்தனம் பண்ணுகிறவனுக்கு இதெல்லாம் பார்த்தவுடன் தெரியும். முதல் பக்கத்தில் ஞானதிரவியம் என்று என் பெயரை எழுதினேன். வேறொன்றும் தோன்றாமல் கீழே இன்னொரு முறையும் எழுதினேன்.

என் மனைவி ரூபாவதி நேற்று மதியம் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்து வந்து, எனக்குச் சோறு எடுத்து வைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு பையோடு ஆட்டோவில் ஏறினாள். வெம்பக்கோட்டை ரோட்டில், முன்பு தீக்குச்சி செய்துகொண்டிருந்த ஒரு பழைய தீப்பெட்டி ஆபீசை எப்பிராயீம் பிரதரின் ஜெபக் கூட்டத்தார் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். வருகிற நவம்பர் ஐந்தாம் தேதி இயேசு திரும்பி வருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதுவரைக்கும் அங்கேயே தங்கி உபவாசமும் ஜெபமுமாகக் காத்திருப்பார்களாம். ஏற்கனவே எட்டுப் பேர். இவள் ஒன்பதாவது.

"மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"அம்பது நாளைக்கு இருக்குங்க. அது போதும்."

ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது. நான் திருத்தவில்லை. பிழை திருத்துவதுதான் எனக்கு உத்தியோகம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சமையலறைச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் இன்னும் ஞாயிற்றுக்கிழமையையே காட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் தாள் கிழிப்பது ரூபாவின் வேலை. கிழித்துவிட்டு, அன்றைய வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த வசனங்களைத் தேர்ந்தெடுப்பதும் புரூப் பார்ப்பதும் நான்தான் என்பதால் எனக்கு எல்லாம் மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும், "நீங்க சொல்லாதீங்க, நான் பாத்துக்கிடுறேன்" என்பாள். இருபது வருஷமாகத் தினமும் இந்த விளையாட்டு. எனக்குத் தாளைத் தொடக் கை வரவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். நேற்றும் அப்படித்தான். நாளை காலையில் பழையது.

அச்சகத்தில் அடுத்த வருஷத்துக் கிறிஸ்தவ காலண்டர் வேலை நடக்கிறது. முந்நூற்று அறுபத்தைந்து வசனங்கள் வேண்டும். ஒரே வசனம் இரண்டு தடவை வரக்கூடாது, நாலு வரிக்குள் அடங்க வேண்டும், துக்கமான வசனம் பண்டிகை நாளில் விழக்கூடாது. வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் ரூபாவும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதைச் செய்வோம். அவள் வாசிப்பாள், நான் வரியை எண்ணுவேன். "இது ரொம்ப அதட்டுற மாதிரி இருக்கு, திங்கக்கிழமைக்கு வேண்டாம்" என்று அவள் ஒதுக்கிய வசனங்கள் ஏராளம்.

இந்த ஆகஸ்டில் நான் நோட்டை விரித்தபோது, "வர்ற வருஷத்துக்கு எதுக்குங்க வசனம்? யாரு கிழிக்கப்போறா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் போய்விடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வரியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

மெஷின் ஓட்டுகிற இசக்கிமுத்து புரூப் தாளோடு என் மேஜைக்கு வந்தான். எதையும் கேலி பண்ணாமல் அவனுக்கு நாள் போகாது.

"அண்ணாச்சி, உங்க சாமி திருடன் மாதிரி வருவாருன்னு போட்டிருக்கு. மார்ச்சுல ஒருக்கா, ஜூன்ல ஒருக்கா. ஒரு திருட்டுக்கு ரெண்டு கேஸா?"

பார்த்தேன். ஒரே வசனம் இரண்டு நாளில் விழுந்திருந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. ஜூனை அடித்தேன்.

"சாமியைத் திருடன்னு சொல்லலை இசக்கி. எப்ப வருவாருன்னு முன்கூட்டித் தெரியாதுங்கிறதுக்காகச் சொன்னது. வீட்டுக்காரன் எந்நேரமும் முழிப்பா இருக்கணும்."

"அதான, சொல்லிட்டு வந்தா அவன் என்ன திருடன்?" என்று சிரித்தவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ மதினி போயிருக்கிற இடத்துல தேதி கிழமையெல்லாம் சொல்றாங்களே, அது எப்படி அண்ணாச்சி?" என்றான்.

யாரோ போட்ட கணக்கு என்றேன். மெஷினைப் பார் என்று விரட்டிவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மழை. கொடியில் கிடந்த வேட்டி நனைந்துவிட்டது.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூஜை. மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்தார்கள். இன்றும் லீவு. ரூபா மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மையில் கண்ணாடி முதல் வாரமே என் கண்ணில் பட்டுவிட்டது. லீவு நாளுக்காக வைத்திருந்தேன்.

தீப்பெட்டி ஆபீசில் இன்னும் மருந்து வாடை போகவில்லை. நீளமான கொட்டகை, சிமெண்டுத் தரை, சுவரோரமாக ஒன்பது பாய்கள். எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். எப்பிராயீம் பிரதர் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், வஞ்சகம் இல்லாத மனுஷன்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி! நீங்க இல்லேன்னா இந்தக் கூட்டமே இல்ல. நீங்க மட்டும் ஏன் வெளிய நிக்கிறீங்க?"

அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்பதை இங்கே எழுதப் பிரியமில்லை.

ரூபா மெலிந்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டைக்கு இஸ்திரி போடலையா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் முப்பத்திநாலு நாளுங்க. நீங்களும் வந்திருங்களேன். மூணு பேரும் ஒண்ணா இருந்திரலாம்" என்றாள்.

சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன். உப்பைக் குறைத்துச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அக்டோபர் 9, வியாழன்

போர்வை தேடிப் பீரோவைத் திறந்தேன். நடுத் தட்டில் பெர்சியின் நீலச் சுடிதார் இல்லை. ரூபா எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எதற்கென்று யோசித்துப் பார்க்கவே வேண்டாம். வரும்போது பிள்ளை உடுத்த வேண்டும்.

பெர்சிஸ் எங்கள் மகள். ஒரே பிள்ளை. பதினாறு வயதில் காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டாள். வருகிற டிசம்பர் பதினொன்றோடு ஏழு வருஷம். கிறிஸ்து வரும்போது அவருக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. ரூபாவுக்கு வருகை என்றால் அந்த ஒரு வரிதான். எக்காளமும் மேகமும் மற்றவர்களுக்கு.

காலண்டரில் டிசம்பர் பதினொன்றுக்கு மட்டும் ரூபா ஒவ்வொரு வருஷமும் தானே ஒரு வசனம் எடுத்துத் தருவாள். முதலாளிக்கோ, காலண்டர் வாங்குகிறவர்களுக்கோ தெரியாது. எத்தனையோ வீட்டில் அந்தத் தாளைக் கிழித்து எறிகிறார்கள். எங்களுக்கு அது பெர்சியின் தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி செய்து அனுப்பிவிட்டுச் சிவகாசி களைத்துப்போய்த் தூங்குகிறது. இசக்கிமுத்து முறுக்குக் கொண்டுவந்தான். "மதினிக்கும் சேத்துதான் அண்ணாச்சி" என்றான். டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

ஜனவரியிலிருந்து நவம்பர் வரை அச்சடிக்க வேண்டிய ஃபாரம் எல்லாம் மெஷினுக்குப் போய்விட்டது. டிசம்பர் ஃபாரம் மட்டும் என் மேஜையில் கிடக்கிறது. பதினொன்றாம் தேதிக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். பைபிளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லா வசனமும் வேறு யாருக்கோ எழுதிய மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. இன்று குக்கர் விசில் அடித்தபோது "வாரேன், வாரேன்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

ஆலயத்தில் எங்கள் போதகர் ஐயர் இன்று வருகையைக் குறித்துப் பிரசங்கம் பண்ணினார். வேண்டுமென்றுதான் எடுத்திருப்பார். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்குத் தவிர யாருக்கும் தெரியாது, தூதர்களுக்கும் தெரியாது, குமாரனும் தமக்குத் தெரியாது என்றே சொல்லிவிட்டார் என்றார். காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்தது அல்ல என்று பரமேறுமுன் சீஷர்களிடமும் சொன்னார் என்றார். ஆயிரம் வருஷம் அவருக்கு ஒரு நாள் போல, அவர் தாமதிக்கவில்லை, நம்மேல் பொறுமையாக இருக்கிறார் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி காலி.

பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பெர்சியின் கல்லறையில் புல் பிடுங்கி, எழுத்துக்குக் கறுப்பு மை தடவினேன். பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அந்தக் கணக்கைப் போட்டவன் நான்.

பெர்சி போன புதிதில் ரூபா தினமும் காலையில் ஒரே கேள்வியைக் கேட்பாள். "எப்பங்க அவளைப் பாப்போம்?" ஐயர் வந்து ஆறுதல் சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் என்னைத்தான் கேட்பாள். அமாவாசையும் ஈஸ்டரும் எந்தக் கிழமை என்று விரல்விட்டுச் சொல்கிறவன் அல்லவா நான்? சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல், எலும்பும் தோலுமாக அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தேன். பெர்சியை அடக்கம் பண்ணிய டிசம்பர் பன்னிரண்டிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது நாள் எண்ணினேன். ஏழு காலம், ஒரு காலத்துக்கு முந்நூற்று அறுபது நாள் என்று தீர்க்கதரிசனக் கணக்குக்காரர்கள் சொல்வார்கள். நவம்பர் ஐந்து வந்தது. அந்த முடிவை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். வேதத்தில் வரும் எந்த ராஜாவின் கட்டளையிலிருந்து ஆரம்பித்தால், எந்த இடத்தில் எதைக் கூட்டினால் அங்கே வந்து சேரும் என்று பார்த்துப் பார்த்து வழி போட்டேன். கூட்டலில் ஒரு பிழை கிடையாது. எங்கே ஆரம்பிப்பது என்பது நம் கையில் இருந்தால் எந்தத் தேதிக்கும் கணக்குப் போடலாம்.

நோட்டைக் காட்டியதும் ரூபா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பிட்டாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஏழு வருஷம் அப்போது எவ்வளவோ தூரத்தில் இருந்தது. அதற்குள் துக்கம் ஆறிவிடும், தேதியை அவளே மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை. நோட்டை ஜெபக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். எப்பிராயீம் பிரதர் அதை நகல் எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது ஏழால் மிச்சமில்லாமல் வகுபடும். பெர்சியை அடக்கம் பண்ணியது புதன்கிழமை. நவம்பர் ஐந்தும் புதன்கிழமை. ஒருவராவது கவனித்திருக்கலாம்.

குமாரனே தெரியாது என்று சொன்ன இடத்தில் சிவகாசியில் ஒரு புரூப் ரீடர் தெரியும் என்று எழுதினான்.

நவம்பர் 4, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லிவிடுவது என்றே போனேன். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். ரூபாவின் குரல் தனியாகக் கேட்டது. கல்யாணமான புதிதில் பாடகர் குழுவில் பாடுவாளே, அந்தக் குரல். பெர்சி போனதிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. வாசலுக்கு வெளியே நின்று முழுப் பாட்டையும் கேட்டேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

சூரியன் அஸ்தமிக்கும் நேரம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. வேலைக்குப் போனேன். வேலை ஓடவில்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்தேன். வெள்ளை வேட்டி கட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லவும் தெரியாது. கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பெர்சி பக்கத்தில் நின்றேன்.

என் கையால் போட்ட பொய்க் கணக்கு. எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஐந்தே முக்கால் ஆனபோது ஒருவேளை, ஒருவேளை என்று கண் அந்தக் கல்லையே பார்த்தது. தூறல் போட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தடவிய மை காயாமல் இருந்திருக்கிறது, அவள் பெயர் கொஞ்சம் கரைந்து வழிந்தது. கைக்குட்டையால் துடைத்தேன்.

ஆறரைக்கு இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

பால் வந்தது. பேப்பர் வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

ரூபா வந்துவிட்டாள்!

பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ சத்தம். பையோடு நின்றாள். கண் குழி விழுந்து, வெள்ளைச் சேலை சிமெண்டுத் தூசியில் பழுத்துப்போய், ஆளே பாதியாகிவிட்டிருந்தாள். உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். பையிலிருந்து என் கோடு போட்ட நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கணக்குல எங்கயோ ஒரு பிசகு இருக்குன்னு பிரதர் சொல்றாரு. நாங்க எல்லாருமா பாத்தோம், பிடிபடல. நீங்க பாத்தாத்தான் தெரியும். திருத்தித் தாங்க, நான் கொண்டு போகணும்."

"எத்தனை நாள்ல வேணும்?"

"எவ்வளவு நாளாகும்?"

ஒரு வாரம் என்றேன். சரி என்று சமையலறைக்குள் போனாள். அங்கிருந்து, "தேங்கா எங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன். மூன்று வாரத்து முறுக்கு நமுத்துப்போயிருந்தது, ஆனாலும் இரண்டு தின்றாள். சாயங்காலம் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள். பாபிலோன் தாண்டவில்லை என்றேன்.

காலண்டர் தாளை அவளும் தொடவில்லை. அவளுக்கு அது முடிந்துபோன விஷயம்.

நவம்பர் 12, புதன்

ரோமர் காலத்துக்கு வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தானியேலின் கடைசி அதிகாரத்தில் எழுபத்தைந்து நாள் அதிகப்படியாக வருகிறது. அதைக் கூட்டினால் ஜனவரி பத்தொன்பது. யாரும் மறுக்க முடியாது. இந்த முறை வீட்டிலிருந்தே காத்திருக்கலாம் என்றும் சொல்லிப் பார்க்கலாம். அதுவரைக்கும் இந்த வீட்டில் இரண்டு பேருக்கு அரிசி வேகும். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் திரும்பி வரும்.

பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

வேலை முடிந்து வந்தபோது பின்பக்கம் ரூபா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியின் நடுவில் நீலச் சுடிதார். அதன் கை இரண்டையும் நிமிர்த்தி, சுருக்கம் இல்லாமல் நீவி நீவி கிளிப் போட்டாள்.

"அந்தக் கொட்டகையில ஈர வாடை புடிச்சிருச்சு. அவ வாரப்ப நல்லா இருக்கணும்ல?" என்றாள். "கணக்கு முடிஞ்சிருச்சாங்க?"

அங்கேயே சொன்னேன். உட்காரச் சொல்லக்கூட இல்லை. அடக்கம் பண்ணிய நாளிலிருந்து எண்ணியது, பின்னாலிருந்து வழி போட்டது, ஏழு வருஷம் தூரமாகத் தெரிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கர்த்தர் காட்டியது எதுவும் அதில் இல்லை, நீ சாப்பிட வேண்டும் என்பதற்காக நான் உண்டாக்கியது என்றேன்.

அவள் கையில் ஒரு கிளிப் இருந்தது. அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷம்," என்றாள். "ஏழு வருஷமா நான் நாள் எண்ணுறதைப் பாத்துக்கிட்டே பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"ஆமா."

"நான் பாய்ல படுத்துக்கிட்டு, இன்னைக்கு பத்து நாள், இன்னைக்கு ஒம்போது நாள்னு..." கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ அவ வருவாளா, வரமாட்டாளா? அதையாவது உண்மையச் சொல்லுங்க."

"வருவா ரூபா. அதை நான் உண்டாக்கல. அது அவர் சொன்னது. எப்பன்னு எனக்குத் தெரியாது."

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இவ்வளவு சின்னதாக இருந்திருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

ரூபா பெர்சியின் அறையில் படுத்துக்கொள்கிறாள். சமைத்து மூடி வைக்கிறாள். பேசவில்லை.

நவம்பர் 15, சனி

இன்று பேசினாள். "அங்க இன்னும் எட்டுப் பேரு புதுத் தேதிக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. நான் போய்ச் சொல்லமாட்டேன். நீங்க போட்டது, நீங்களே வந்து சொல்லுங்க."

நவம்பர் 16, ஞாயிறு

போனோம். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

அவர்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். முதலில் வார்த்தை குளறியது, பிறகு வந்துவிட்டது. முடித்தேன். இந்தத் தேதியை நம்பிக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட ஒரு அம்மா மட்டும், "என்ன சொல்றாரு, என்ன சொல்றாரு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

எப்பிராயீம் பிரதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்துகொண்டு, "உங்க நோட்டை நான் பைபிளோட சேத்து வச்சிருந்தேன் அண்ணாச்சி" என்றார்.

"யாருக்கும் தெரியாதுன்னு வேதத்துலயே இருக்கே பிரதர்."

"இருக்கு. நானும் வாசிச்சிருக்கேன். நீங்க கணக்குத் தெரிஞ்ச மனுஷன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நம்பிட்டேன்." பிறகு, "அப்போ நாங்க இப்ப என்ன செய்ய?" என்றார்.

ரூபா எழுந்துபோய்த் தன் பாயைச் சுருட்டினாள். பிறகு அந்த அம்மாவின் பாயையும் சுருட்டினாள். "நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்கா. நான் கூட வாரேன்" என்றாள்.

காட்டுவதற்காகக் கொண்டுபோன நோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிரதர் எடுத்த நகலையும் கேட்டேன். கொடுத்தார்.

நவம்பர் 24, திங்கள்

டிசம்பர் ஃபாரம் நாளைக்கு வராவிட்டால் போன வருஷத்து வசனத்தையே போட்டு ஓட்டிவிடுவேன் என்று முதலாளி எல்லோருக்கும் முன்னால் கத்தினார். நியாயம்தான். இசக்கிமுத்துகூடக் கேலி பண்ணவில்லை.

வீட்டில் இன்னும் மௌனம். கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்வந்தாள். எனக்குத் தேவையான அளவு சோறு, தேவையான அளவு குழம்பு. வீடு நிறைந்துதான் இருக்கிறது, இருந்தும் செப்டம்பரில் இருந்ததைவிடத் தனியாக இருக்கிறேன்.

முதலாளி கத்தியதைச் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் காபி டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. ரூபாவின் கையெழுத்து. டிசம்பர் பதினொன்று என்று எழுதி, பக்கத்தில் மத்தேயு, ஒன்பதாம் அதிகாரம், வசன எண். செத்துப்போன சிறுமியின் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, பிள்ளை சாகவில்லை, தூங்குகிறாள் என்று இயேசு சொல்கிற இடம்.

புரூப் பார்த்தேன். நாலு வரிக்குள் அடங்கியது. மூன்று முறை சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்பினேன். இசக்கிமுத்து வாசித்துவிட்டு, "இது நம்ம பாப்பாவுக்கா அண்ணாச்சி?" என்றான். இத்தனை வருஷமாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 11, வியாழன்

கல்லறைத் தோட்டத்துக்குச் சேர்ந்து போனோம். ரூபா செவ்வந்தி வாங்கி வந்திருந்தாள். வழிந்த மையைப் பார்த்து, "யாரு இப்படித் தடவுனது?" என்றாள். நான்தான் என்றேன். அந்தப் புதன்கிழமை மாலை இங்கே நின்றதையும் சொன்னேன், வெள்ளை வேட்டியையும் சொன்னேன்.

அவள் பூ வைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பொய்னு தெரிஞ்சுமா வந்து நின்னீங்க?"

"ஆமா."

வீட்டுக்கு வந்ததும் நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு மடித்துப் பீரோவின் நடுத் தட்டில் வைத்தாள். "இங்கயே இருக்கட்டும். எப்ப வந்தாலும் எடுத்துக்கிடுவா" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியவில்லை.

டிசம்பர் 31, புதன்

பழைய காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்தேன். செப்டம்பர் பதினான்கிலிருந்து நூற்றொன்பது தாள் அப்படியே இருக்கிறது. கோடு போட்ட நோட்டையும் நகலையும் போன மாதமே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். காலண்டரை எரிக்கப் பிரியமில்லை, பரணில் வைத்தேன். அதே ஆணியில் புதியதை மாட்டினேன். ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும். ரூபா சேலை மடிப்பை என்னைப் பிடித்துவிடச் சொன்னாள்.

ஜனவரி 2, வெள்ளி

டைரியில் இடம் தீர்ந்துவிட்டது. பின் அட்டையின் உள்பக்கத்தில் எழுதுகிறேன்.

காலையில் சமையலறையில் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. எழுந்து போய் வாசற்படியில் நின்றேன். ரூபா கண்ணாடியைத் தேடினாள், நான் எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, வாசிக்கும் முன் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லாதீங்க," என்றாள்.

நான் சொல்லவில்லை.